மாற்றக் காசில்லாததால் பிழைத்த பாலங்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், தலைநகர் இண்டியானாபொலிஸிலிருந்து மேற்கே சுமார் 60 மைல் தள்ளி இருக்கிறது பார்க் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பூமி. மொத்த மக்கள்தொகையே பதினாறாயிரத்தைச் சுற்றித்தான். தலைமையூரான ராக்வில்லில் ஒரு நீதிமன்றக் கட்டடம், அதைச் சுற்றி நாலு பக்கமும் கடைகள். மற்றவையெல்லாம் சின்னச் சின்னக் கிராமங்கள். அவற்றுக்கு மெக்கா, டான்ஜியர், மான்டசூமா என்று பெயர் வைத்தவர்களுக்கு உலக வரைபடத்தின் மேல் என்ன மோகமோ தெரியவில்லை.

அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் இந்த அமைதி போய்விடும். அன்று தொடங்கிப் பத்து நாள், கிராமச் சாலைகளில் கார்கள் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க் கவுண்டி கூரைப்பால விழா 1957-இல் தொடங்கியது. பத்து நாளில் இருபது லட்சம் பேர் வருகிறார்கள் என்று விழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வது வழக்கம். வேலியும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை என்ற விழாவில் தலைகளை எப்படி எண்ணினார்கள் என்று கேட்கத் தோன்றும். அதில் பாதியென்று வைத்துக்கொண்டாலும், பதினாறாயிரம் பேர் வாழும் இடத்துக்கு அது பெருவெள்ளம்தான்.

இவர்கள் பார்க்க வருவது 31 மரப்பாலங்களை. ஒவ்வொன்றுக்கும் கூரை உண்டு, இரு பக்கமும் பலகைச் சுவர் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஓடையின் குறுக்கே யாரோ களஞ்சியத்தைக் கட்டிவைத்தது போலிருக்கும்.

பாலத்துக்கு ஏன் கூரை என்ற கேள்விக்கு அமெரிக்கக் கிராமங்களில் பல கதைகள் உலவுகின்றன. ஓடும் தண்ணீரைக் கண்டு குதிரை மிரளாமல் இருக்க என்பார்கள். மழைக்கு ஒதுங்க என்பார்கள். பனி விழாமல் இருக்க என்பதும் உண்டு. இந்தக் கடைசிக் கதையை நம்பவே முடியாது. வடமாநிலங்களில் பனிக்காலத்தில் சறுக்குவண்டிகள் போவதற்காக, ஆளுக்குக் கூலி கொடுத்துப் பனியை அள்ளிப் பாலத்துக்குள் பரப்ப வேண்டியிருந்தது. பனியைத் தடுப்பதற்குக் கூரை போட்டுவிட்டு, அதே பனியை மண்வெட்டியால் உள்ளே கொண்டுவந்து கொட்டினார்கள் என்றால் அது கூத்துதான்.

உண்மைக் காரணம் தச்சுவேலை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மரத்துக்கு எமன் மழையல்ல, இடுக்கில் தேங்கும் ஈரம். மழையில் நனைந்து வெயிலில் காயும் மரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு சட்டம் இன்னொன்றோடு பொருந்துகிற வெட்டில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது வெளியே வருவதேயில்லை. உளுத்துப்போவது அங்கேதான் தொடங்கும். பாலத்தின் முழுப் பாரமும் தங்கியிருப்பதும் அதே இணைப்புகளில்தான். திறந்தவெளியில் விட்ட மரப்பாலம் பத்து, இருபது வருடம் தாங்கினால் பெரிது. அதன் மேல் கூரை போட்டுப் பக்கத்தில் பலகையும் அடித்துவிட்டால் நூறு வருடத்தைத் தாண்டிவிடும். கூரையும் பலகையும் பாரம் தாங்குவதில்லை. பாரம் தாங்கும் சட்டங்களை நனையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. பலகை போனால் புதுப் பலகை அடிக்கலாம், உத்திரம் போனால் பாலமே போய்விடும். அமெரிக்காவில் இந்த யோசனை நிலைபெற்றது 1805-இல் பிலடெல்பியாவில். ஸ்கூல்கில் ஆற்றின் மேல் டிமத்தி பால்மர் கட்டிய பாலத்துக்கு மூடுகூரை போடலாமென்று வற்புறுத்தியவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. கலையழகு பற்றியெல்லாம் அன்று பேச்சு இருந்திருக்கலாம். ஆனால் முடிவைச் செய்தது செலவுக் கணக்கு.

பார்க் கவுண்டிப் பாலம் ஒன்றுக்குள் போய் நின்று சுவரைப் பார்த்தால் வேலையின் நுட்பம் தெரியும். கீழே ஒரு நீள உத்திரம், மேலே ஒரு நீள உத்திரம். இரண்டையும் இணைத்து வரிசையாகச் செங்குத்துக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் சாய்வுச்சட்டங்கள் கிளம்பும். பாலத்தின் நடுவை நோக்கி அவை மேலேறிச் சாய்ந்திருக்கும். நடுவில் ஏறும் பாரத்தைப் படிப்படியாகக் கரைப்பக்கம் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. இந்தச் சட்டகத்தை அணைத்தபடி, கம்பங்களுக்கு இரு பக்கமும் இரட்டையாக ஒரு பெரிய மரவளைவு ஓடும். வளைவு ஒரே மரத்தில் செய்ததில்லை. துண்டுதுண்டாகச் செதுக்கிச் சேர்த்தது. அதன் இரு நுனிகளும் பாலத்தளத்துக்குக் கீழே இறங்கிக் கரையின் கல்கட்டில் போய் உட்காரும். தியடோர் பர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சட்டகம் தனியாகவே பாரம் தாங்கும், வளைவும் தனியாகவே தாங்கும். இரண்டையும் சேர்த்துப் போல்ட் முடுக்கினால் எது எவ்வளவு தாங்குகிறது என்று அன்றைய கணக்குகளால் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் பாலம் நின்றது. அன்றைய தச்சருக்கு அது போதும்.

இந்தக் கவுண்டியின் பாலங்களில் பெரும்பகுதி இரண்டு பேரின் கைவேலை. ஒருவர் ஜே. ஜே. டேனியல்ஸ். ஒஹாயோவில் பாலம் கட்டிக்கொண்டிருந்தவரின் மகன், தொழிலைத் தகப்பனிடம் கற்றவர், பின்னாளில் ராக்வில்லில் குடியேறியவர். இன்னொருவர் ஜே. ஏ. பிரிட்டன், உள்ளூர்க்காரர். எது யார் கட்டியது என்று தெரிந்துகொள்ளப் பாலத்தின் முகப்பைப் பார்த்தாலே போதும். வாசல் அரைவட்டமாக வளைந்திருந்தால் டேனியல்ஸின் வேலை என்றும், மூலைகளைச் சாய்வாக வெட்டிக் கோணமாக விட்டிருந்தால் பிரிட்டனின் வேலை என்றும் பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். டேனியல்ஸ் 1861-இல் சுகர் ஓடை மேல் கட்டிய ஜாக்சன் பாலம் நடுவில் தூணே இல்லாமல் 200 அடிக்கு மேல் தாவுகிறது. 1876-இல் அதே ஓடையில் அவர் கட்டிய வெஸ்ட் யூனியன் பாலம்தான் இருப்பதிலேயே நீளமானது, 315 அடி. 2016-இல் அதற்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயர்தகுதி கிடைத்தது.

இந்தக் கதையில் கூரைப்பாலம் கட்டும் வேலை நெடுங்காலம் விடாமல் தொடர்ந்ததுதான் வியப்பு. டேனியல்ஸ் 1904-இல் நீட் பாலத்தைக் கட்டும்போது அவருக்கு 78 வயது. பிரிட்டன் தன் பங்குக்கு 1920-இல் நெவின்ஸ் பாலத்தைக் கட்டினார். அப்போது ஃபோர்டு கார்கள் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. இரும்புப் பாலக் கம்பெனிகளின் விற்பனையாட்கள் கவுண்டி அலுவலகங்களின் படியேறத் தொடங்கியே நாற்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. மற்ற இடங்களில் கூரைப்பாலம் பழங்கதையாகிவிட்ட காலத்தில் இங்கே புதிதாகக் கட்டினார்கள். இரும்பு எப்போதும் வென்றுவிடவும் இல்லை. 1913-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த பெருவெள்ளம் சுகர் ஓடையில் ஓர் இரும்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் பிரிட்டன் எழுப்பியது மரத்தாலான காக்ஸ் ஃபோர்டு பாலம். டர்க்கி ரன் பூங்காவை ஒட்டி அது இன்றும் நிற்கிறது.

இந்த ஒரு கவுண்டியில் மட்டும் ஏன் இத்தனை? ஓடைகள் அதிகம் என்பது முதல் பதில். மேற்கெல்லையில் வாபாஷ் ஆறு. அதில் போய் விழும் சுகர் ஓடை, பெரிய ரக்கூன், அதோடு சேரும் சின்ன ரக்கூன் என்று குறுக்கும் நெடுக்குமாக நீரோட்டங்கள். உழவர் தானியத்தை ஆலைக்கோ ரயிலடிக்கோ கொண்டுபோக எங்காவது ஓடையைக் கடந்தே ஆகவேண்டும். பக்கத்திலேயே நல்ல மரமும், பாலம் கட்டத் தெரிந்த இரண்டு ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் இதெல்லாம் கட்டியதற்கான காரணம். நிலைத்ததற்கான காரணம் வேறு. இந்தியானாவில் ஒரு காலத்தில் 500-க்கும் மேல் கூரைப்பாலங்கள் இருந்தன. இன்று நூறுகூடத் தேறாது. பணம் புழங்கிய கவுண்டிகள் 1920-களிலும் 30-களிலும் மரத்தைப் பிடுங்கிவிட்டு இரும்பும் கான்கிரீட்டும் போட்டன. பார்க் கவுண்டிக்கு அந்த வசதி இல்லை. 1900-இல் சுமார் 23,000 பேர் வாழ்ந்த இடம் இது. அதன் பிறகு ஆட்கள் வெளியே போய்க்கொண்டேயிருந்தார்கள். வரிகட்ட ஆளில்லாத ஊரில், ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி போகும் மண்சாலையின் பாலத்தை யார் மாற்றுவார்கள்? இருப்பதையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். இவற்றைக் காத்தது பாரம்பரியப் பற்று என்று விளம்பரத் தாள்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. முதல் ஐம்பது வருடம் காத்தது கையில் காசில்லாமை.

பற்று பிறகுதான் வந்தது. அதற்கும் காலம் கனிய வேண்டியிருந்தது. 1950-களில் நடுத்தரக் குடும்பங்கள் கையில் கார் வந்துவிட்டது. இலைகள் சிவந்து மஞ்சளாகும் அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. கூரைப்பாலங்கள் வேகமாக மறைந்துகொண்டிருப்பதை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். அவற்றைக் காப்பதற்கான தேசியச் சங்கம் தொடங்கியது 1950-இல். மற்ற ஊர்கள் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு ஏங்கியபோது பார்க் கவுண்டிக்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தங்களிடம் முப்பதுக்கு மேல் இருந்தது. நேற்றுவரை பின்தங்கிய அடையாளமாக இருந்தது இன்று சரக்காகிவிட்டது. 1957-இல் விழா பிறந்தது. 1978-இல் இந்தப் பாலங்கள் மொத்தமாகத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறின. “உலகின் கூரைப்பாலத் தலைநகர்” என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்கிறார்கள். பட்டம் சூட்டியவர்களும் அவர்களே என்பதால் யாரும் பறிக்க முடியாது.

விழா ஓரிடத்தில் நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் சூட்சுமம் பிடிபடும். பாலங்கள் கவுண்டி முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. அதனால் ராக்வில்லில் தொடங்கிச் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, பழுப்பு என்று ஐந்து நிறங்களில் வழித்தடங்கள் வகுத்திருக்கிறார்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வரிசையாக ஐந்தாறு பாலம் பார்த்துவிடலாம். வழியில் வரும் ஒவ்வொரு கிராமமும் தன் கடையை விரித்திருக்கும். ராக்வில்லின் நீதிமன்ற வளாகத்தில் கூடாரங்கள், மான்ஸ்ஃபீல்டில் நூற்றுக்கணக்கான வியாபாரிகள், பிரிட்ஜ்டனில் பழைய மாவாலை. ஒரே திடலில் நடத்தியிருந்தால் வருமானம் ஓர் ஊரோடு நின்றிருக்கும். பாலங்கள் சிதறிக்கிடந்தது காசையும் சிதறிவிடச் செய்தது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைமணம் உண்டு. டான்ஜியரின் பேர்சொல்லும் பண்டம் புதைத்துச் சுட்ட மாட்டிறைச்சி. பெரிய குழி வெட்டி, விறகைப் போட்டு எரித்துத் தணலாக்குகிறார்கள். இறைச்சியைப் பொதிந்து கட்டி அதில் இறக்கி, மேலே மூடி மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். இரவெல்லாம் அது மண்ணுக்கடியில் வேகும். காலையில் தோண்டி எடுக்கும்போது கத்தி தேவைப்படாது. விரலால் தொட்டாலே நார்நாராகப் பிரியும். அதை ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். வேறிடங்களில் இரும்புக் கொப்பரையில் கொதிக்கும் பன்றியிறைச்சி-பீன்ஸ், மணிக்கணக்கில் கிண்டிய ஆப்பிள் களி, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பெரிய அப்பளம் போன்ற பலகாரம். சாலையோர நிலக்காரர்கள் வயலைக் கார் நிறுத்துமிடமாக்கிக் காசு வாங்குகிறார்கள். தேவாலயக் குழுக்களும் பள்ளிச் சங்கங்களும் சாப்பாட்டுக் கடை போட்டு நிதி திரட்டிக்கொள்கின்றன.

குறை சொல்கிறவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பாலத்தைப் பார்க்க வந்த கூட்டம் பாலத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுச் சந்தையில் நிற்கிறது. உள்ளூர்க் கைவினை என்று தேடினால், எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும் பனியன்களும் பிளாஸ்டிக் சாமான்களும் கூடவே வந்து கையில் சிக்குகின்றன. அறுவடை நேரம் வேறு. சோளம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு உழவர் சாலைக்கு வந்தால் முன்னாலும் பின்னாலும் வேடிக்கை பார்க்கும் கார்கள். எனக்கு இந்தச் சந்தைக்கூச்சல் அவ்வளவாக உறுத்தவில்லை. பாலம் கட்டப்பட்டதே சரக்கு சந்தைக்குப் போவதற்காகத்தான். கோயில் திருவிழாவில் ராட்டினத்தையும் வளையல் கடையையும் எடுத்துவிட்டுச் சாமி மட்டும் போதும் என்று எந்த ஊரார் சொல்வார்கள்?

இந்தப் பிணைப்பு எவ்வளவு ஆழம் என்பதை 2005 காட்டியது. பிரிட்ஜ்டனில் பெரிய ரக்கூன் ஓடையின் மேல் டேனியல்ஸ் 1868-இல் கட்டிய பாலம், பக்கத்தில் அணையின் நீர்வீழ்ச்சி, கரையில் ஆலை என்று கவுண்டியிலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட இடம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி இரவு யாரோ வைத்த தீயில் பாலம் எரிந்து ஓடையில் விழுந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2002-இல், ஜெஃப்ரீஸ் ஃபோர்டு பாலமும் தீயில்தான் போனது. உலர்ந்த மரத்துக்கு மேல் கூரை, நடுவில் காற்று இழுக்கும் நீளக்கூடம்: மழையிலிருந்து காத்த அதே அமைப்பு தீ பிடித்தால் அடுப்பாகிவிடுகிறது. காவலும் கிடையாது, பல பாலங்களுக்குப் பக்கத்தில் வீடும் கிடையாது.

இரண்டு பாலங்களின் கதையும் அதற்குப் பிறகு பிரிந்துவிட்டது. ஜெஃப்ரீஸ் ஃபோர்டு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. அது திரும்ப எழவில்லை. பிரிட்ஜ்டன் விழாவின் மையங்களில் ஒன்று. ஊரார் கூடினார்கள், மரமும் பணமும் உழைப்பும் நன்கொடையாக வந்தன, 2006-இல் அதே இடத்தில் அதே பர் வளைவு அமைப்பில் புதுப் பாலம் நின்றது. ஒரே கவுண்டி, ஒரே வகைப் பாலம், இரண்டுக்கும் தீதான் முடிவு. ஒன்றுக்குப் பத்து நாள் கூட்டம் இருந்தது, மற்றதற்கு இல்லை. விழாவுக்கும் பாலத்துக்கும் உள்ள உறவை இதைவிட வெளிப்படையாக எந்த ஆய்வும் சொல்லிவிடாது.

புதிதாகக் கட்டியதை வரலாற்றுச் சின்னம் என்று சொல்லலாமா என்ற வாதமும் கூடவே வந்தது. பாரம்பரியத் துறையினருக்கு டேனியல்ஸ் கை பட்ட மரம் முக்கியம். அது சாம்பலானபின் எஞ்சுவது நகல். ஊராருக்கு அந்த இடத்தில் பாலம் முக்கியம். என் கட்சி ஊரார் பக்கம். நூற்றைம்பது வருடப் பாலம் என்று நாம் காட்டும் எதிலும் தளப் பலகையும் பக்கப் பலகையும் கூரையும் பலமுறை மாறியிருக்கும். சிலவற்றுக்கு அடியில் இரும்பு உத்திரம் கொடுத்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். போர்ட்லண்ட் மில்ஸ் பாலமோ 1856-இல் கட்டியது. 1960-களின் தொடக்கத்தில் நீர்த்தேக்கம் வந்தபோது அதைப் பெயர்த்து இன்னோர் ஓடைக்கே கொண்டுபோய்விட்டார்கள். மாற்றுவதற்கு ஏற்றபடி கட்டியதுதான் இந்தத் தொழிலின் அறிவு.

வேறு கவுண்டிகளும் இந்தப் பாதையில் போகின்றன. அயோவாவின் மேடிசன் கவுண்டியில் 19-இல் மிஞ்சியது ஆறு. அக்டோபர் இரண்டாவது வாரயிறுதியில் அங்கேயும் விழா. ஒரு நாவலும் அதையொட்டிய திரைப்படமும் அந்தப் பாலங்களை உலகுக்குக் காட்டிவிட்டன. ஒஹாயோவின் ஆஷ்டபுலா கவுண்டி இன்னொரு படி மேலே போய், 2008-இல் 613 அடி நீளத்துக்குக் கூரைப்பாலம் ஒன்றைப் புதிதாகவே கட்டிவிட்டது. அதில் இன்றைய போக்குவரத்து ஓடுகிறது. பார்க் கவுண்டிக்கு அப்படிக் கட்டும் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

இருப்பவற்றில் பலவற்றின் அருகே கான்கிரீட் பாலம் போட்டு, பழையதை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். சிலவற்றில் இன்னும் கார் போகிறது, எடைக்கட்டுப்பாட்டோடு. இன்றைய அறுவடை இயந்திரம் உள்ளே நுழையவே நுழையாது. முகப்பில் “இந்தப் பாலத்தை நடைவேகத்தில் கடக்கவும்” என்று எழுதியிருப்பது குதிரைவண்டிகளுக்காக. குதிரை ஒரே தாளத்தில் குதித்தோடினால் சட்டகம் அதிர்ந்து இணைப்புகள் தளரும் என்ற அச்சம். அலங்காரமாகிப்போன அந்த எச்சரிக்கைக்கு எதிர்பாராமல் மறுபடி வேலை வந்திருக்கிறது. 1991-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து ஆமிஷ் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. கார் ஓட்டாத சமயக் குழு அது. இப்போது வார நாளில் இந்தச் சாலைகளில் போனால் உண்மையான குதிரைவண்டிகளையே பார்க்கலாம், யாருக்கும் வேடிக்கை காட்டாமல் கடைக்கோ ரம்பப்பட்டறைக்கோ போய்க்கொண்டிருக்கும்.

செலவு என்ற பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நெடுஞ்சாலைச் சட்டத்தோடு சேர்த்துக் கூரைப்பாலப் பாதுகாப்புக்கென்று தனித்திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பணம் நாடு முழுக்கப் பங்கு போகிறது. எல்லா ஆண்டும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கூரை மாற்றுவது, பலகை அடிப்பது, உளுத்த வளைவு நுனியை வெட்டி ஒட்டுவது, தீத்தடுப்புப் பூச்சு அடிப்பது என்று 31 பாலங்களுக்கும் வேலை ஓயாது. எந்தப் பாலத்துக்கு முதலில் செலவழிப்பது என்று முடிவு செய்வது தேர்தலில் வென்று வரும் மூன்று கமிஷனர்கள். இவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் வயலைக் கார் நிறுத்த விடுகிறவரும், தேவாலயக் கடையில் பீன்ஸ் கிண்டுகிறவரும், டான்ஜியரில் குழி வெட்டுகிறவரும் இருக்கிறார்கள். நூறு வருடம் முன்பு இதே பதவியில் இருந்தவர்கள் கணக்குப் பார்த்துப் பாலத்தைத் தொடாமல் விட்டார்கள். இன்றைக்கு இருப்பவர்களும் கணக்குத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பாலத்தை இடிக்கலாம் என்று இவர்களில் ஒருவர் வாய்திறந்தால் அடுத்த தேர்தலை மறந்துவிடலாம்.